சத்தம் போடாத ரெக்கார்டு

1. பெட்டியைத் திறந்த நாள்

என் ஆர்மோனியப் பெட்டி எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறது. அது அழுகை வாங்கியது ஒரே ஒரு இடத்தில்தான். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைமடுவம் அது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம். விட்டத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஓரமாக உட்கார்ந்து, துருத்தியை ஒரு இழுப்பு இழுத்து, ஒரு கட்டையை அமுக்கினேன். முதல் தொட்டிலில் ஒரு வீறிடல். அதைக் கேட்டு அடுத்தது. நான் பெட்டியை மூடுவதற்குள் மடுவம் முழுவதும் ஒரே கச்சேரி.

"ஐயோ தம்பி, மூடு! மூடு அந்தச் சனியன!" என்று ஓடிவந்தார் லெட்சுமி அக்கா.

சனியன் என்றது என் பெட்டியை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு இடி வாங்கி, மழையில் நனைந்து அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன் நான். ஆனால் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஒரு பிள்ளையை என் மடியில் வைத்தார். அது உடனே என் வேட்டியை நனைத்தது.

இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் அட்டன் பஜாரில் ஹமீது முதலாளியின் கடையில் வேலை. ரேடியோ, கிராமபோன், ரெக்கார்டு விற்போம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவோம். விற்பதும் நான், ரிப்பேர் பார்ப்பதும் நான், மரத்தில் ஏறி ஹார்ன் கட்டுவதும் நான். பாட்டுக்காரர் யாராவது வந்தால் பெட்டி வாசிப்பதும் நானே. சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான்.

லெட்சுமி அக்கா கொழுந்து பறித்தவர். பாட்டும் அவரே கட்டுவார், மெட்டும் அவரே போடுவார். அந்த மலைப் பக்கத்தில் அவர் குரலுக்கு மைக் ஒரு மரியாதைக்குத்தான். இந்த மலையில் பாடினால் அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் பதில் கொடுப்பார்கள். முதலாளி அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஏற்கனவே ஒரு ரெக்கார்டு போட்டிருந்தார்.

வளைவுக்கு வளைவு குலுங்குது பஸ்ஸு
வாந்தி வருதய்யா தள்ளிக் குந்து!

இந்தப் பாட்டைப் பாடாத பிள்ளை அந்தப் பக்கத்தில் கிடையாது. பஸ் கண்டக்டர்மாருக்கு மட்டும் பிடிக்காது.

பிறகு ஒரு திருவிழாவில் எங்கள் செட் நடுவில் படுத்துவிட்டது. அக்கா விடவில்லை. கூட்டம் கலையக்கூடாது என்று அத்தனை சனத்துக்கும் வெறும் தொண்டையில் பாடி முடித்தார். மறுநாள் பேச்சே வரவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, "இனிமேல் கத்திப் பாடினால் பேசுவதற்கும் குரல் இருக்காது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் இரக்கப்பட்டுப் பிள்ளைமடுவத்தில் வேலை கொடுத்தார்கள். லெட்சுமி கதை முடிந்தது என்று பஜாரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து ஆள் வந்தது. புதுசாக நாலு பாட்டு இருக்கிறதாம், வந்து கேட்கட்டுமாம். முதலாளி என்னை அனுப்பினார். அதுதான் அந்த அழுகைக் கச்சேரி நடந்த நாள்.

பிள்ளைகள் ஒருவழியாக அடங்கினதும் அக்கா தரையில் உட்கார்ந்தார். ஒரு தொட்டிலின் கயிற்றைக் கையில் பிடித்து இழுத்து விட்டுக்கொண்டே பாடத் தொடங்கினார்.

மழையில நனஞ்ச கொழுந்து
மலையாட்டம் கனக்குதுங்க
கங்காணி கொடைக்குள்ள மட்டும்
வெயிலடிச்சுக் கெடக்குதுங்க

பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியம் சொல்வது போலத்தான் சத்தம். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. முன்பெல்லாம் ஒரு வரி முடியுமுன்பே அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். இப்போது ஒரு சொல்லைப் பாடிவிட்டு, அது நமக்கு வந்து சேரும்வரை காத்திருந்தார். 'கங்காணி கொடைக்குள்ள மட்டும்' என்று, மலையில் வேலை வாங்குகிறவரைச் சொல்லி நிறுத்தினாரே, அந்த நிறுத்தத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குறும்பு குறையவே இல்லை, கூடியிருந்தது. அத்தோடு முன்பு இல்லாத ஒரு துக்கமும் உள்ளே இருந்தது. மூன்றாவது பாட்டு, பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற ஒரு தாயின் பாட்டு. அதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன தம்பி, பேசாம இருக்க? நல்லா இல்லயா?"

"அக்கா, இதுக்கு நான் பெட்டி வாசிச்சா என்னைய அடிக்கணும்" என்றேன்.

2. சுவரில் தொங்கிய கிட்டார்

எங்கள் கடைச் சுவரில் ஒரு கிட்டார் வெகுகாலமாகத் தொங்கியது. ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனது. தினமும் தூசி தட்டுவதைத் தவிர அதோடு எனக்கு வேறு சகவாசம் இல்லை. அக்காவின் பாட்டைக் கேட்ட பிறகு அதை இறக்கினேன். பெரிய வித்தையெல்லாம் வரவில்லை. விரலால் மெதுவாக நாலு இடத்தில் தட்டினால் அவர் குரலுக்குக் கீழே ஒரு பாய் விரித்த மாதிரி இருந்தது. வாராவாரம் ஒரு நாள் பிள்ளைமடுவத்தில் ஒத்திகை. பிள்ளைகள் தூங்கினால் வாசிப்பு சரி, முழித்தால் தப்பு. அவ்வளவு கறாரான வாத்தியார்கள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. நல்ல மனுஷர், ஆனால் வாத்தியம் என்றால் அவருக்குப் பெட்டியும் டோலக்கும்தான்.

"பெட்டி இல்லாம பாட்டா? என்ன மகன் பேசுறீங்க? சனம் சிரிக்கும்."

"நாலு பாட்டையும் ரெண்டு தட்டுல போட்டு, இங்கிலீசு ரெக்கார்டு மாதிரி ஒரு அட்டைக்குள்ள சேர்த்து வச்சா அழகா இருக்கும் முதலாளி. ஆல்பம்னு சொல்லலாம்."

ஆல்பம் என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. கண்ணை மூடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "சரி, போடுவம். ஆனா ஒண்ணு. ரெக்கார்டுல பெட்டி இருக்கணும். நீங்க பெட்டியத் தூக்கிட்டுத்தான் ரெயில் ஏறணும், சொல்லிட்டேன்."

தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். ஒரு தோளில் கிட்டார், ஒரு கையில் பெட்டி. லெட்சுமி அக்கா கையில் ஒரு துணி மூட்டையும் சோற்றுப் பொட்டலமும்.

3. கொழும்பில் கட்டிய தொட்டில்

பதிவு அறையில் பெரேரா மாத்தயா என்று ஒருவர். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. மெஷினெல்லாம் அவர் பொறுப்பு. தமிழ் அரைகுறை, மனசு முழுசு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் வராத அறை. நடுவில் ஒரே ஒரு மைக்.

அக்கா பாடத் தொடங்கினார். ஓட்டமாய் ஓடியது பாட்டு. நிறுத்தம் வரவேண்டிய இடத்தில் நிறுத்தம் இல்லை. இரண்டாம் தடவை இன்னும் மோசம். மூன்றாம் தடவை பழைய பழக்கத்தில் குரல் உயர்ந்து, தொண்டை அடைத்து இருமல் வந்துவிட்டது. டொக்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

"அம்மா, பயம் வேணாம். தண்ணி குடிங்க" என்றார் பெரேரா மாத்தயா.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பயமில்லீங்க ஐயா. கை சும்மா இருக்கு. கை சும்மா இருந்தா எனக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாலு பாட்டையும் அவர் கட்டியது, பாடிப் பழகியது எல்லாம் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டுதான். தொட்டில் போய் வருகிற நேரம்தான் அவருக்குத் தாளம். மடுவத்தில் வரிக்கு வரி காத்திருந்ததும் அதனால்தான். தொட்டில் திரும்பி வரும்வரை அடுத்த வரி இல்லை. நாங்கள் கொழும்புக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தோம், தொட்டிலைத் தவிர.

நான் இதைப் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் பெரேரா மாத்தயாவுக்கு விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மனுஷர் கூரையை அண்ணாந்து பார்த்தார். மைக் தொங்கவிடுகிற இரும்புக் குழாய் ஒன்று மேலே ஓடியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சேலை தாங்க" என்றார்.

அக்கா மூட்டையிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்துக் கொடுத்தார். தொட்டில் தயார். ஆனால் வெறும் தொட்டில் காற்றாய் ஆடியது, கைக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு பாரம் வேண்டும். நாற்காலியை வைத்துப் பார்த்தோம், கால் குத்தியது. மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். மூலையில் என் ஆர்மோனியப் பெட்டி இருந்தது.

"வேணாம் மாத்தயா" என்றேன்.

"நல்ல பாரம்" என்றார் அவர்.

ஒரு பிள்ளையைப் போடுவது போல அக்கா அதைத் துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டார். கயிற்றை இழுத்தார். அது போய் வந்தது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் துருத்தியில் ஒழுகிய காற்று 'ஹூம்' என்று ஒரு சின்னப் பெருமூச்சு விட்டது. நான் எழுந்து அதை நிறுத்தப் போனேன். மெஷின் அறைக்குப் போயிருந்த பெரேரா மாத்தயா, நடுவில் இருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்தி, அப்படியே இருக்கட்டும் என்று சைகை காட்டினார். நாலு பாட்டும் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வந்தவர், அக்காவைக் கும்பிட்டார்.

அட்டனுக்குத் திரும்பினதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பெட்டி?"

"ரெக்கார்டுல இருக்கு முதலாளி" என்றேன். பொய் இல்லையே.

4. ஞாயிற்றுக்கிழமைக் கூத்து

தட்டுகள் கப்பலில் போய் அச்சாகி வர மாதங்கள் ஆகின. அழகான அட்டை, அதில் அக்காவின் படம். முதலாளி சாம்பிராணியெல்லாம் போட்டு ரெக்கார்டு வந்த பெட்டிகளைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்துச் சனம் பஜாருக்கு வரும் நாள். கூரைமேல் பெரிய ஹார்னை பஸ் நிற்கிற பக்கம் திருப்பிக் கட்டினேன். 'பஸ்ஸுப் பாட்டு லெட்சுமியின் புதுப் பாட்டு' என்று முதலாளி மைக்கில் தானே அறிவித்தார். கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஊசியை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை! பஸ் உறுமுகிறது, மீன்காரர் கூவுகிறார், மேலே ஸ்டேஷனில் எஞ்சின் ஊதுகிறது. இதற்கு நடுவில் ஹார்னிலிருந்து ஏதோ கரகரவென்று வருகிறது, அவ்வளவுதான்.

"என்னங்க, செட்டு ரிப்பேரா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

முதலாளி என்னைத் தள்ளிவிட்டுத் தானே குமிழைத் திருகினார். 'கூஊஊ' என்று ஹார்ன் ஊளையிட்டது. எதிரே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன்பிறகு கூட்டம் ஆட்டைத்தான் வேடிக்கை பார்த்தது. அன்று ஒரு ஆல்பம்கூட விற்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. லெட்சுமிக்குத் தொண்டை போய்விட்டது, அதைக் காசாக்கப் பார்க்கிறார்கள் என்று பஜாரில் பேச்சு வேறு.

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்கும் வருத்தம்தான்.

"மகன், இது சரிவராது. அந்தப் புள்ளைட்ட போய்ச் சொல்லுங்க. பஸ்ஸுப் பாட்டு மாதிரி ஒண்ணு சத்தமாப் பாடித் தரட்டும், அத வச்சு இதையும் தள்ளிடலாம். ஏலாதுன்னா இந்த ரெக்கார்டுப் பெட்டியெல்லாம் பரண்ல ஏத்துங்க. இனி அவவுக்கு ரெக்கார்டு இல்ல."

சத்தமாகப் பாடினால் குரல் போய்விடும். பாடாவிட்டால் பாட்டுக்காரி என்ற பேர் போய்விடும். இந்தச் சேதியை நான் கொண்டுபோக வேண்டுமாம்! வழியெல்லாம் முதலாளியைத் திட்டினேன், ஹார்னைத் திட்டினேன், மீன்காரரையும் விடவில்லை. கையில் ஒரு ஆல்பமும், சாவி கொடுக்கிற சின்ன கிராமபோன் ஒன்றும் எடுத்துப் போனேன். பாவம், அக்கா தன் ரெக்கார்டை இன்னும் கேட்கவே இல்லை.

5. பால் கொடுக்கிற நேரம்

நல்ல மழை. நான் பிள்ளைமடுவத்துக்குள் நுழையும்போதே அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ரெக்கார்டு விலைபோகலயா தம்பி?"

"போகல அக்கா." முதலாளி சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப இவ்வளவுதானா? நான் பாடினது இந்தப் பச்சப்புள்ளைகளுக்கு மட்டும்தானா?" என்றார். கண்ணில் தண்ணீர். எனக்கும் தாங்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, போடு. நான் பாடினத நானாவது கேக்குறேன்" என்றார்.

கிராமபோனைத் தரையில் வைத்து, சத்தம் அடங்கட்டும் என்று மூடியைப் பாதி சாத்தி, ஊசியை வைத்தேன். அவர் குரல் வந்தது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

நடுக்காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கத் தாய்மாரை மலையிலிருந்து அனுப்புவார்கள். அந்த நேரம் நெருங்கிவிட்டதை நாங்கள் மறந்துவிட்டோம். மழைக்குத் தலைமேல் போர்த்திய கொங்காணியில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் வந்து நின்றார்கள். முதலில் வந்தவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். பிறகு திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். தாயின் பாட்டு ஓடியபோது பலபேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் தட்டை மாற்றிக் கங்காணிப் பாட்டை வைத்தேன்.

'கங்காணி கொடைக்குள்ள மட்டும்' என்று குரல் நின்றது. 'வெயிலடிச்சுக் கெடக்குதுங்க' என்று முடித்தது. பெண்களுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. ஆனால் சிரிக்க முடியாது, பிள்ளை மார்பில் இருக்கிறது! ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், ஒருத்தி முந்தானையைக் கடித்தாள், ஒருத்தி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். சத்தமே இல்லாமல் மடுவம் முழுவதும் தோள் குலுங்கச் சிரித்தது. அப்படியொரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கையால் சைகை காட்டினார்கள். இன்னொருக்கா வைத்தேன். நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை.

வாசலில் ஒரு பெரிய கறுப்புக் குடை வந்து நின்றது. மாரிமுத்துக் கங்காணி.

"என்னாங்கடி, மலையில வேல கெடக்கு, இங்க என்னா..."

"ஷ்ஷ்!" என்றார்கள் அத்தனை பெண்களும் ஒரே வாயாக. யார் என்று பார்த்துச் சொல்லவில்லை, பிள்ளை முழித்துவிடும் என்ற பயத்தில் சொல்லிவிட்டார்கள். கங்காணி திகைத்துப்போய் வாயை மூடினார். அந்த அமைதியில், என் நல்லகாலமோ கெட்டகாலமோ, ரெக்கார்டு அந்த வரிக்கு வந்துவிட்டது. கங்காணி கொடைக்குள்ள மட்டும்...

அவர் நிமிர்ந்து தன் குடையைப் பார்த்தார். மெதுவாக மடக்கினார். நான் ஊசியை எடுக்கக் கையை நீட்டினேன். லெட்சுமி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வேலை போச்சு என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

"எடுக்காதீங்க" என்றார் கங்காணி, குரலைத் தாழ்த்தி. வாசல்படியிலேயே குந்தினார். முடியும்வரை கேட்டார். மீசைக்குக் கீழே என்னவோ துடித்தது. "லெட்சுமி, இது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியப் பத்திதானே?"

அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "வேற யாருங்க? நம்ம கொடைக்குள்ளயும் மழ பெய்யுதே."

கங்காணி ஒரேயடியாகச் சிரித்துவிட்டார். சத்தமாக. பிள்ளைகள் எல்லாம் முழித்துக்கொண்டன.

6. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி

தோட்டத்தில் கிராமபோன் யார் வீட்டில் இருக்கும்? கங்காணிமார் வீட்டில்தான். மாரிமுத்துக் கங்காணி அன்று என் கையிலிருந்த ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போய், அடுத்த தோட்டத்துக் கங்காணியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார், வெறுப்பேற்றத்தான். அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவர் எங்கள் கடைக்கு வந்து ஒன்று வாங்கிப்போய், அது மாரிமுத்துக் கங்காணியின் குடைதான் என்று தன் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அப்படியே மலைக்கு மலை தாவியது. கங்காணி வீட்டு வாசலில் பொழுது சாயும் நேரம் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். தாயின் பாட்டுக்கு அழுதார்கள், அடுத்ததற்குச் சிரித்தார்கள். பரணில் ஏற்ற வேண்டிய பெட்டிகளை முதலாளி கடை முகப்பில் அடுக்கினார். ஹார்னில் மட்டும் அந்த ரெக்கார்டை அதன்பிறகு போடவில்லை. கேட்டு வந்தவர்களைக் கடைக்குள் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பாடம் இதுதான். ஒரு புதுப் பாட்டு கைக்கு வந்தால் குமிழைத் திருகுவதற்கு முன், இதை யார், எங்கே உட்கார்ந்து கேட்பார்கள் என்று யோசியுங்கள். அந்த இடத்துக்குப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். கால் வலிக்கும், பரவாயில்லை. நாங்கள் பஜார் முழுக்கக் கேட்கவேண்டும் என்று முட்டி மோதினோம். அந்தப் பாட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு மூடிய கதவும், கேட்க நினைக்கிற நாலு பேரும்தான்.

அடுத்த ஆல்பத்தைப் பற்றிப் பேச லெட்சுமி அக்கா கடைக்கு வந்திருந்தார். முதலாளி தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க புள்ள. அந்தப் பழைய குரல் இனி திரும்பி வரவே வராதா?"

அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "வந்தா வாசல்லயே நிக்க வச்சுருவேங்க முதலாளி. உள்ள புள்ளைக தூங்குது."